கோஷா ஆஸ்பத்திரி

சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கு அப்பெயர் 1948-ஆம் ஆண்டில் சூட்டப்பட்டதாயினும், அப்பகுதியின் முதியவர்கள் இன்றளவும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லுகிறார்கள். அந்த ஸ்தாபனத்தின் சரித்திரத்தை வைத்திய சாஸ்திரத்தின் வெற்றியாக எழுதுவதே வழக்கம். பிரசவ வேதனையில் கிடக்கும் பெண்ணுக்கு மருந்தும் கருவியும் இருந்தால் போதாது, அவளைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்தின் மனமும் இணங்கவேண்டும் என்பதை ஒரு வைத்தியசாலை கற்றுக்கொண்ட சரித்திரமாகவும் அதைப் படிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஆஸ்பத்திரி ஏற்படுவதற்கு முன்பு பிரசவம் எங்ஙனம் நடந்தது என்பதைச் சற்று அருகிருந்து காண்போம். சீமந்தமும் வளைகாப்பும் முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் வந்த நாள் முதல், அவள் உண்பதும் உறங்குவதும் தாயாருடைய பொறுப்பு. இடுப்பு வலி கண்டதும் ஆடவர் திண்ணைக்குச் சென்றுவிட, உள்ளறையில் பாட்டியும் பெரியம்மாவும் துணை நிற்க, நாவிதர் குலத்தைச் சேர்ந்த மருத்துவச்சி கொல்லைப்புற வழியாக அழைத்துவரப்படுவாள். விளக்கெண்ணெய் தடவிய கையால் வயிற்றை நீவிப் பார்த்தே சிசுவின் தலை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். வலி ஏறும்போதெல்லாம் பெண்ணின் முதுகை வேறொருத்தி தன் மார்பில் தாங்கிக்கொள்ள, பனிக்குடம் உடைந்து சிசு வெளிப்படும் வரையில் மருத்துவச்சி பேசும் ஆறுதல் வார்த்தைகளே பாதி வைத்தியம். நஞ்சு விழுந்ததும் அதைக் கொல்லையில் புதைப்பது, தாயின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவது, காயம் இடித்துக் கொடுப்பது, சிசுவைக் காலில் கிடத்தி நீராட்டுவது எல்லாம் அவள் மேற்பார்வையிலேயே நடந்தன. இத்தனையும் செய்த கையைத் தீட்டுப்பட்ட கை என்று அதே வீடு விலக்கிவைத்தது. நெல்லும் பழம்புடவையும் கொல்லைவாசலில் வைத்தே அவளுக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டன. நம் சமூகம் அவளுக்கு இழைத்த அநீதியை எழுதும்போது மனம் கொதிக்கிறது.

அவளுடைய அனுபவ ஞானத்துக்கும் எல்லை உண்டு. சிசு குறுக்கே கிடந்துவிட்டாலும், உதிரப்போக்கு நிற்காமற் போனாலும் அவள் செய்யக்கூடியது சொற்பமே. சுத்தம் செய்யாத கத்தியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டு, இசிவு கண்டு மாண்ட சிசுக்கள் அநேகம். இவற்றுள் சிலவற்றுக்கேனும் பரிகாரம் தேடக்கூடிய பிரசவ ஆஸ்பத்திரி சென்னையில் 1844-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. எழும்பூரில் இன்று விளங்கும் பெரிய மருத்துவமனைக்கு மூலம் அதுவே. ஆயினும், பெண்கள் அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் திரைமறைவில் இருக்கும் கோஷா வழக்கத்தை அநுஷ்டித்த முஸ்லிம் குடும்பங்களும், மேல்சாதி ஹிந்துக் குடும்பங்களும் அதன் வாசலை மிதிக்கத் தயங்கின. அங்கே வைத்தியர்கள் ஆண்கள்.

அந்தத் தயக்கம் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கும் என்பதை, 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு நிகழ்ந்ததைக் கொண்டு ஊகிக்கலாம். மிஷன் வைத்தியர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடாவைத் தேடி, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றொரு ஹிந்து ஆகிய மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தத்தளிக்கும் தம் இளம் மனைவியரைக் காப்பாற்றுமாறு வேண்டினார்கள். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார் வருவார் என்று அவர் சொல்லியும், அந்நிய ஆடவர் வரக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மறுநாட் காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்தக் கணவன்மாரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனைவியின் உயிரில் அவர்களுக்கு அக்கறை இல்லையேல் நள்ளிரவில் அந்நியர் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார்கள். அவர்கள் காத்தது குடும்பத்தின் மானத்தை. வலியில் கிடந்த பெண்ணோ, பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுச் சிறுமி, தன் அபிப்பிராயத்தைச் சொல்லும் ஸ்தானத்திலேயே இல்லை. வைத்தியரை அழைப்பதா என்பதைத் தாயாரும் மாமியாரும் வீட்டுப் பெரியவர்களும் தீர்மானித்தார்கள். ஆகவே அவளைக் காப்பாற்ற விரும்பியவர்கள் முதலில் இவர்களுடைய நம்பிக்கையைப் பெறவேண்டியிருந்தது.

இதை நன்கு உணர்ந்தவர் மேரி ஷார்லீப் அம்மையார். பாரிஸ்டரான தம் கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்த அவர், ஆண் வைத்தியரை நாடமுடியாமல் பெண்கள் படும் துயரத்தைக் கேள்வியுற்று, பிரசவ ஆஸ்பத்திரியிலேயே மருத்துவச்சித் தொழிலைப் பயின்றார். அது போதாதென்று கண்டு, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவியர் நால்வருள் ஒருவரானார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்று 1883-இல் திரும்பிவந்த அவருடைய பிரயாசையால், கோஷா ஸ்திரீகளுக்கும் சாதி ஹிந்து ஸ்திரீகளுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி 1885-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் தொடங்கியது. வேங்கடகிரி ராஜா லட்ச ரூபாய் வழங்க, அரசாங்கம் நிலம் கொடுக்க, 1890-இல் அந்தக் கோஷா ஆஸ்பத்திரி திருவல்லிக்கேணியில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. பெண்ணைப் பெண்ணே பார்ப்பாள் என்ற உறுதிமொழிதான் அதன் அஸ்திவாரம்.

எனினும், அந்தப் பெயரில் கோஷாவோடு சாதியும் சேர்ந்தே நின்றதை மறைக்கலாகாது. பெண்ணின் சங்கோசத்தைக் காக்கத் தொங்கவிட்ட திரையை நான் மனமார வணங்குகிறேன். மற்றொரு பெண்ணை விலக்கிவைக்கும் சாதி வேலியை ஒருநாளும் அவ்விதம் வணங்க இயலாது. இரண்டையும் சம்பிரதாயம் என்ற ஒரே பெயரால் அழைத்து, இரண்டுக்கும் ஒரே மரியாதை செய்தது அக்காலத்தின் பெருங்குறை.

நர்ஸ் தொழிலையும் அந்த வேலி நெடுங்காலம் தடுத்தது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கிய பின்பும், உதிரத்தையும் மலத்தையும் தொடும் வேலைக்கு மேல்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை விடவில்லை. கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே அதை ஏற்று வளர்த்தார்கள். வைத்தியம் பயின்று திரும்பிய ஐடா ஸ்கடர், 1909-இல் வேலூரில் நர்ஸ் பள்ளியைத் தொடங்கினார். பழைய மருத்துவச்சியை இழித்த அதே சமூகம் வெள்ளை உடுப்பு அணிந்தவளையும் முதலில் சற்று இளக்காரமாகவே பார்த்தது. 1926-இல் சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்த பிறகே, அத்தொழிலுக்குச் சட்டத்தின் கண்ணில் ஓர் அந்தஸ்து கிடைத்தது.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் பெயர்ந்துவிட்ட பிற்காலத்தில் வேறொரு குறை தலைகாட்டியது. கிருமி பரவும் என்றும், கூட்டம் சேரும் என்றும் சொல்லித் தாயாரும் பாட்டியும் வெளித் தாழ்வாரத்திலேயே நிறுத்தப்பட, முதுகைத் தாங்க ஒரு மார்பு இல்லாமல், முகமறியாதார் நடுவே தனியே கிடந்து பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான், தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில், உறவுக்காரப் பெண் ஒருத்தி பிரசவ அறைக்குள் துணையாக இருக்க முறையாக அநுமதி ஏற்பட்டது. துணை வருபவள் தொற்றுநோய் இல்லாதவளாக, சுத்தமான ஆடை உடுத்தியவளாக, வைத்தியர் வேலையில் குறுக்கிடாதவளாக இருக்கவேண்டும் என்பது விதி. தானும் பிள்ளை பெற்றவளாக இருந்தால் விசேஷம்.