பழைய மாதிரியே தாங்கோ

பாரில் இருந்துகொண்டு 'ஓல்ட் பெஷன்ட்' ஒண்டு தாங்கோ எண்டு நாங்கள் கேட்கும்போது, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வாடிக்கையாளர்களின் எரிச்சலையும் சேர்த்தே சொல்கிறோம்.

1806 மே 13 அன்று, நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த பத்திரிகை ஒன்று 'கொக்டெயில்' என்றால் என்ன என்ற வாசகர் கேள்விக்குப் பதில் எழுதியது. மதுபானம், சீனி, தண்ணீர், பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு. அவ்வளவுதான். ஆனால் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பார்காரர்கள் அதற்குள் அப்சிந்த், மரஸ்கினோ, குரசோ என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். உதெல்லாம் வேண்டாம், பழைய மாதிரியே தாங்கோ எண்டு சிலர் கேட்டார்கள். அந்த ஓர்டரே பானத்தின் பெயராகிவிட்டது.

கேட்டவரின் குரல் இப்படிப் பெயரிலேயே தங்கிவிட்டது. சரி, கலந்து கொடுத்தவர் ஆர்?

அப்படி எங்களுக்குத் தெரியவந்த ஒருவர் டொம் புல்லொக். 1872இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். சென்ட் லூயிஸ் நகரின் பணக்கார வெள்ளையர் கிளப் ஒன்றில் பார்காரராக இருந்தார். புர்பன் விஸ்கி, புதினா, சீனி, நொறுக்கிய ஐஸ் சேர்ந்த மின்ட் ஜூலெப்புக்குப் பேர்போனவர்.

தன்னைக் குடிகாரன் என்று எழுதிய பத்திரிகையாசிரியருக்கு எதிராக முன்னாள் சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் தொடுத்த வழக்கு 1913இல் விசாரணைக்கு வந்தது. சென்ட் லூயிஸில் ஒரு ஜூலெப்பில் கொஞ்சம்தான் குடித்தேன் என்று அவர் சாட்சியம் சொன்னார். வழக்கிலே வென்றார், நட்டஈடு 6 சதம். ஆனால் அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று விடவில்லை. டொம் கலந்த ஜூலெப்பை ஆரும் மிச்சம் வைப்பினமோ எண்ட மாதிரி நக்கலடித்தது.

1917இல் புல்லொக் தன் செய்முறைகளை 'த ஐடியல் பார்டென்டர்' என்ற புத்தகமாக வெளியிட்டார். கொக்டெயில் புத்தகம் எழுதிய முதல் கறுப்பின அமெரிக்கராக அறியப்படுபவர் அவர்தான். மூன்றே வருடத்தில், 1920இல், நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. 1933 வரை சட்டப்படி பார் நடத்த முடியவில்லை. கை பழகிய தொழிலாளர்கள் சிதறிப்போனார்கள். வாயால் சொல்லிக் கையால் பழக்கிய வித்தையில் எவ்வளவோ அவர்களோடேயே போய்விட்டது.

மெனுவில் 'கிளாசிக்' எண்டு போட்டிருப்பது அக்காலத்து பார்களில் இருந்தது எல்லாம் இல்லை. பெரும்பாலும் அச்சில் ஏறித் தப்பியது மட்டும்தான். புல்லொக்கின் பெயர் தப்பியதும் அப்பிடித்தான். அவரைப் போல ஷேக்கர் பிடித்த மற்றவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.