கல் வந்த வழி

சித்தன்னவாசல் அறிவர்கோயிலுக்கு வருகிறவர்கள் ஓவியத்தைப் பார்க்கிற அவசரத்தில் வாசல் தூண்களைக் கவனிப்பதில்லை. கவனிக்கிற சிலரும் "பாண்டியர் காலத்துத் தூண்" என்று படம் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள். உள்ளே இருப்பவை பாறையோடு பாறையாகக் குடைந்தவை, சந்தேகமில்லை. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த மண்டபம் எப்போதோ விழுந்துவிட்டது. இப்போது நாம் வெயிலுக்கு ஒதுங்குகிற தாழ்வாரம் புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்து வேலை. நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் சொல்லி, குடுமியான்மலையில் பாழடைந்து கிடந்த மண்டபங்களின் தூண்களைக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள்.

ஆக, தூண் நிற்கிற ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. இந்த வாரம் பிறந்த ஊரைத் தேடிப் போவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தால் காலடியில் மண் மூன்று விதமாக மாறும். குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் பக்கமெல்லாம் கருங்கல். நகரைத் தாண்டி ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் போனால் தரை சிவந்து செம்புராங்கல் தலைகாட்டும். அறந்தாங்கிக்கு அப்பால் வண்டலும் மணலும், அதற்கப்புறம் கடல்.

மேற்கில் "கல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பதே வீண். நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரம் மேலமலைப் பாறைச் சரிவின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி அது. மழையில் இடிந்துபோக, மல்லன் விதுமன் என்பவர் மறுபடி கட்டியிருக்கிறார். அருகிலேயே பழியிலி ஈசுவரம் என்ற குடைவரை. ஓரிடத்தில் மலையைக் குடைந்தார்கள், இன்னோரிடத்தில் மலையை அறுத்து அடுக்கினார்கள்.

எப்படி அறுத்தார்கள்? வழிகாட்டிகள் உடனே யானையைக் கொண்டுவந்து விடுவார்கள். யானை அப்புறம், முதலில் வேண்டியது பாறையின் இயல்பை அறிந்த கண். இந்த மொட்டைப் பாறைகள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக விரிசல் விடுபவை. வெயிலும் மழையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. கல்தச்சன் பிளவு ஓடுகிற போக்கைப் பார்த்து, அதற்குக் குறுக்கே நூல் பிடித்தாற்போல வரிசையாகச் சிறு குழிகள் அடிப்பான். குழிக்குள் ஆப்பு. இரும்பு ஆப்பென்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சம்மட்டியால் சீராகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் கல் கோணலாகப் போய்விடும். காய்ந்த மர ஆப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றினால் அது ஊதிப் பாறையைப் பிளக்கும் என்பதும் பழைய முறையாகச் சொல்லப்படுகிறது. பிளந்த பாளத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் கணீரென்றால் ஆண் கல், இன்னும் மென்மையாக ஒலித்தால் பெண் கல் என்று சிற்பிகளிடம் ஒரு கணக்கு உண்டு. பொளிவதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு அந்தக் குழி வரிசையும் ஒரு கல்வெட்டுதான். எழுத்து இல்லாததால் யாரும் படியெடுப்பதில்லை, அவ்வளவே.

கல்வேலை செய்தவர் பெயர் சொல்கிற எழுத்தும் இங்கே உண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டக் குகையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்காக இளையர் என்பவர் செய்த கல் இருக்கை என்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமை. இந்தக் கல்லுக்கு வண்டிச்சத்தம் கிடையாது. கிடந்த பாறையை அங்கேயே வழவழப்பாக்கிவிட்டார்.

கல்லால் கட்டிய கோயில் அன்றைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதற்குத் திருக்கட்டளை சாட்சி. புதுக்கோட்டைக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கோயில் உள்ள ஊர். பழைய பெயர் கற்குறிச்சி. கோயிலால் "திருக்கற்றளி" ஆகி, வாய்க்கு வாய் தேய்ந்து கட்டளை ஆனது. யார் யாருக்குக் கட்டளையிட்டார்கள் என்று கதை தேட வேண்டியதில்லை.

செம்புராங்கல்லின் குணம் வேறு. பூமிக்குள் இருக்கும்போது மெத்து. வெட்டியெடுத்துக் காற்றுப் பட்டால் இறுகும். நுணுக்கமான சிற்பத்துக்கு உதவாது, பொத்தல் பொத்தலாக இருக்கும். ஆனால் சுவருக்கும் அடித்தளத்துக்கும் அருமையான கல். ஈமக் கல்வட்டங்களை நட்டவர்களுக்கே இது தெரிந்திருந்தது: கருங்கல் பக்கத்தில் இருந்த இடத்தில் கருங்கல், சிவந்த தரையில் செம்புராங்கல். 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய பொற்பனைக்கோட்டை இந்தச் செம்மண் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே இரும்பு உருக்கிய தடயங்களும் உண்டு. மேற்கே மலையைப் பிளக்க உளி வேண்டும், உளிக்கு இரும்பு வேண்டும். அதையும் இதே வட்டாரம் வைத்திருந்தது.

வெளியூருக்கும் கல் போனது. 1010இல் நிறைவு பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அருகே கருங்கல் கிடையாது. அதன் கல்லுக்கு ஊர் சொல்லும்போது நார்த்தாமலை, குன்னாண்டார்கோயில் பெயர்கள் அடிக்கடி வரும். நார்த்தாமலையிலிருந்து தஞ்சை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒரே மலை படியளந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தெற்கிலும் மேற்கிலும் பல பாறைகள் பங்கு போட்டிருக்க வேண்டும். (உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் இருப்பதாகச் சொல்வதையும் விட்டுவிடலாம். அது பல துண்டுகள் சேர்ந்தது.)

மாவட்டத்துக்குள்ளேயே நெடுந்தூரக் கல்லைப் பார்க்க ஆவுடையார்கோயில் போக வேண்டும். சுற்றிலும் வயலும் கண்மாயும். அம்மி கொத்தக்கூட உள்ளூர்ப் பாறை கிடையாது. ஆனால் அங்கேதான் அந்தக் கொடுங்கை, வளைந்து இறங்கும் கல் கூரை. மரச் சட்டமும் கம்பியும் ஆணியும் வைத்துக் கூரை வேய்ந்தது போலவே கருங்கல்லில் இழைத்திருக்கிறார்கள். அந்தக் காலச் சிற்பிகள் வேலை ஒப்பும்போது, தாரமங்கலத்துத் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுப்பார்களாம். இங்கே பாளம் வழியில் உடைந்தால் பக்கத்து மலையில் இன்னொன்று வெட்டிக்கொள்ள முடியாது. கைத்திறனோடு அந்தப் பதைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, கல் தந்த பாறைகளுக்கு இன்று என்ன காவல்? மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கோயிலுக்கு அந்த வேலி போதலாம். கல் தந்த பாறை வேலிக்கு வெளியே இருந்தால் வெறும் பாறைதான். குழி வரிசையோடு சேர்ந்தே அரைபட்டுவிடும்.

ஆவுடையார்கோயிலிலிருந்து திரும்பும்போது அறந்தாங்கிச் சாலையில் எதிரே இரண்டு டிப்பர் லாரிகள், தார்ப்பாய் மூடி, ஜல்லியோடு வந்தன. மேற்கிலிருந்து கிழக்கே. நான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

(தொடரும்)