சரக்கு சுமப்பவரின் உரிமைச் சீட்டு

கொச்சியின் வணிக வரலாற்றை விலை, விளைச்சல், வல்லரசுகளின் போட்டி ஆகிய மூன்றையும் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறோம். சரக்கு எவர் கையில் ஒப்படைக்கப்பட்டது, அதைச் சுமந்துசெல்லும் உரிமையை அவருக்கு யார் வழங்கினார்கள், அவ்வுரிமை எதுவரை செல்லும் என்னும் கேள்விகள் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. வணிகருக்கு அவை அடிக்குறிப்புகள் அல்ல. மூட்டை கிடங்கின் வாசலைக் கடந்த கணத்திலிருந்து அவருடைய முதல் முழுவதும் இன்னொருவரின் தகுதியை நம்பியே இருக்கிறது. இன்று லாரி நிறுவனம் ஒன்றிடம் சரக்கை ஏற்றிவிடும் முன் அதன் பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்கிறோம். மட்டாஞ்சேரியில் நின்று பார்த்தால் இதற்கு ஐந்நூறு ஆண்டு முன்வரலாறு உண்டு.

1502இல் வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை மலபார் வந்ததை ஒட்டி, கார்த்தாஸ் எனப்படும் கடற்பயணச் சீட்டு இக்கரையில் நடைமுறைக்கு வந்தது. கப்பலின் பெயர், கொள்ளளவு, நகுதாவின் பெயர், போகும் துறை, ஏந்தியுள்ள ஆயுதங்கள் ஆகியவை அதில் குறிக்கப்பட்டன. மிளகு உள்ளிட்ட சில பொருள்களை ஏற்றுவதற்குத் தடை இருந்தது. சீட்டுக்கான கட்டணம் அற்பம். போர்த்துகீசியக் கோட்டையில் கரைசேர்ந்து செலுத்த வேண்டிய சுங்கமே உண்மையான சுமை. சீட்டில்லாத கப்பல் நடுக்கடலில் பிடிபட்டால் கப்பல் மட்டுமன்றிச் சரக்கும் பறிமுதலாகும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இழப்பின் திசை. இந்துமாக் கடலின் வணிகக் கப்பலொன்றில் பல வணிகர்களின் சரக்கு ஒன்றாக ஏறுவது வழக்கம். சீட்டு பெறுவது கப்பலை நடத்துபவரின் பொறுப்பு. பெறாவிட்டால் பறிபோவது எல்லோருடைய பொருளும். அதே வேளையில் சீட்டு இருந்தாலும் அது முழுக் காப்பு அல்ல. 1613இல் பேரரசர் ஜஹாங்கீரின் தாயார் மரியம்-உஸ்-ஜமானிக்குச் சொந்தமான ரஹீமி என்னும் கப்பலைப் போர்த்துகீசியர் சூரத் அருகே கைப்பற்றினர். அவர்களே வழங்கிய சீட்டு அக்கப்பலில் இருந்தது. முகலாய அரசு போர்த்துகீசிய வணிகத்தை முடக்கி டாமனை முற்றுகையிடும் அளவுக்கு அந்நிகழ்வு வளர்ந்தது. பேரரசரின் தாயாருக்கு இருந்த பின்பலம் சாதாரண வணிகருக்கு ஏது?

1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைப்பற்றிய பின்னும் சீட்டு முறை தொடர்ந்தது. வழங்கும் கை மட்டுமே மாறியது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. அதன் பிறகு உருவான நிலைமை, உரிமை ஆவணங்களின் வரலாற்றை ஆய்வோருக்கு அரிய வாய்ப்பு. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இரண்டு சட்ட ஆட்சிகள். இவரிடம் உரிமை இருக்கிறதா என்னும் கேள்வி அங்கே போதாது. எந்தப் பக்கத்தின் உரிமை என்றும் கேட்க வேண்டும்.

1865இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட சுமப்போர் சட்டம், தரைவழியிலும் உள்நாட்டு நீர்வழியிலும் யாவருக்கும் வேறுபாடின்றிக் கூலிக்குச் சரக்கு சுமப்பவரைப் பொதுச் சுமப்போர் என வரையறுத்தது. அவ்வாறு தொழில் நடத்தினால் காயல் வள்ளமும் அவ்வரையறைக்குள் வரும். சரக்கு தொலைந்தால் சுமந்தவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டிய பாரம் வணிகருக்கு இல்லை என்றது அதன் 9ஆம் பிரிவு. பட்டியலில் உள்ள விலையுயர்ந்த பொருள்களின் மதிப்பு 100 ரூபாயைத் தாண்டினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆனால் சுமப்பவர் எவரிடமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது கூறவில்லை. பொறுப்பு சட்டத்தில் இருந்தது. பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க உதவும் ஏடு இல்லை.

மோட்டார் லாரி வந்ததும் வேறொரு சீட்டு பிறந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டிகளுக்கு அனுமதியை, நம் வழக்கில் பெர்மிட்டை, கட்டாயமாக்கியது. இதன் பின்னணியில் இருந்த பெருங்கவலைகளுள் ஒன்று ரயில்வேயின் வருவாய். சாலைக்கும் ரயிலுக்கும் இடையிலான போட்டியை ஆராய்ந்த மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கை 1933இல் வெளிவந்திருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவிலும் பெர்மிட் தொடர்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிகளுக்கு அது தேவையில்லை. பெர்மிட் வண்டியைப் பற்றிய ஆவணம். வண்டியை அனுப்புகிற நிறுவனம் நம்பத்தக்கதா என்று அது கூறாது. ஆயினும் அது இல்லாவிட்டால் விளைவு கடுமையானது. பெர்மிட் இல்லாத வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், இறுதிப் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்தினுடையதன்று, பாதிக்கப்பட்டோருக்குக் கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து அது வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சல்லா பாரதம்மா வழக்கில் தீர்ப்பளித்தது.

நிறுவனத்தைப் பற்றிய ஏடு உருவாக 142 ஆண்டுகள் ஆயின. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. 2011 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு 18 நாள்களுக்கு முன்னர்தான் மட்டாஞ்சேரிக்கு எதிர்ப்புறம் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டிருந்தது. பதிவுச் சான்று இன்றி எவரும் பொதுச் சுமப்போராகத் தொழில் நடத்தக்கூடாது என்கிறது புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவு. சான்று 10 ஆண்டுகளுக்குச் செல்லும். லாரியே இல்லாமல் புக்கிங் மட்டும் செய்யும் நிறுவனம், முகவர், தரகர், கூரியர் ஆகியோரும் இவ்வரையறைக்குள் அடங்குவர். பதிவின்றி நடத்தினால் சட்டம் விதித்த அபராதம் முதல் முறை 5,000 ரூபாய் வரை, அடுத்த முறை 10,000 ரூபாய் வரை. ஒரு லாரி ஏலக்காயின் மதிப்போடு ஒப்பிட்டால், அச்சுறுத்தும் வலிமை இத்தொகைக்கு இல்லை என்பது விளங்கும். எனவே சரிபார்க்கும் வேலை சரக்கை அனுப்புபவரின் தலையிலேயே விழுகிறது.

இன்று போடிநாயக்கனூரிலிருந்து கொச்சிக்கு ஏலக்காய் அனுப்புபவர் முன் பல எண்கள் கிடக்கின்றன. வண்டியின் ஆர்.சி. எண் ஒன்று, பெர்மிட் எண் ஒன்று. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமான பின், அதில் இடும் 15 இலக்கப் போக்குவரத்தாளர் எண்ணும் சேர்ந்தது. இந்த எண்ணை நிறுவனத்தின் தகுதிச் சான்றாகக் கொள்வது பிழை. அது வரித்துறையின் கேள்விக்கான விடை. பெர்மிட் போக்குவரத்துத் துறையின் கேள்விக்கு விடை. அனுப்புபவரின் கேள்வியோ வேறு: சரக்கு வந்துசேராவிட்டால் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? அதற்கு ஓரளவேனும் விடை தருவது பொதுச் சுமப்போர் பதிவுச் சான்று. அச்சான்றிலுள்ள பெயரும் முகவரியும் லாரி ரசீதில் உள்ளவையும் ஒன்றா, சான்றின் காலம் முடிந்துவிட்டதா, ரசீது தருபவரும் வண்டி ஓட்டுபவரும் வெவ்வேறு நிறுவனமா என்பன ஏற்றும் முன்பே பார்க்க வேண்டியவை. சரக்கின் மதிப்பை எழுத்தில் அறிவிப்பதும் அவ்வேளைக்கு உரியது. கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்த அனுப்புபவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இழப்பீட்டுக்குச் சட்டம் வரம்பு கட்டுகிறது. இழப்பு நேர்ந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துவழி அறிவிப்புத் தராமல் வழக்குத் தொடர இயலாது.

கார்த்தாஸ் முதல் இ-வே பில் வரை ஒவ்வொரு சீட்டும் அதை வழங்கியவரின் நலனுக்காகவே முதலில் எழுதப்பட்டது: சுங்கத்துக்காக, ரயில்வே வருவாய்க்காக, வரிக்காக. வணிகரின் பாதுகாப்பு அவற்றின் ஓரத்தில் தற்செயலாகக் கிடைத்தது. ஆவணக் காப்பகங்களில் இத்தகைய சீட்டுகளைப் புரட்டும் மாணவர்கள், இது எதை அனுமதிக்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டாம். யாருடைய கேள்விக்கு இது விடை, யாருடைய கேள்வியை இது விடையின்றி விட்டது என்றும் கேளுங்கள். கிடங்கு வாசலில் மூட்டையுடன் நிற்பவருக்கும் அதே கேள்வியே உதவும்.