பாரத மாதா (ஓவியம்)

அவனீந்திரநாத் தாகூர் 1905இல், வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பின் நடுவே, நீர்வண்ணத்தில் தீட்டிய உருவக ஓவியம். முதலில் வங்க மாதாவாகவே எண்ணப்பட்டது. காவி உடுத்த இளம்பெண்ணின் நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், செபமாலை, வெள்ளைத் துணி: கல்வி, உணவு, தீட்சை, உடை. ஆயுதம் ஒன்றுகூட இல்லை. தலைக்குப் பின்னே ஒளிவட்டம், காலடியில் தாமரைகள். அம்மன் என்பதைவிடத் துறவி என்றே சொல்லத் தோன்றும். இத்தாலியர் கிலார்டியிடம் பாஸ்டல் சுண்ணக்கோல் பழகிய கை அவனீந்திரநாத்தினுடையது. ஆனால் படத்தின் பனிமூட்டச் சாயல், கல்கத்தா வந்திருந்த ஜப்பானிய ஓவியர்களிடம் கண்டுகொண்டது. சகோதரி நிவேதிதை இந்த ஓவியத்தை வியந்து எழுதினார். அவரும் ஈழத்தமிழ் வழிவந்த ஆனந்த குமாரசுவாமியும் எழுதிய புராணக்கதை நூல் 1913இல் வெளிவந்தது. அதன் படங்கள் அவனீந்திரநாத்தின் மேற்பார்வையில் வரையப்பட்டவை. மூல ஓவியம் கொல்கத்தாவில் உள்ளது.