கழுத்தில் இருக்கும் சேமிப்பு: தங்கச் சங்கிலியை வாங்குவதும் காப்பதும்

விடத்தல்தீவு கடலை நம்பிய ஊர். நண்டும் இறாலும் மீனும் நன்றாகப் படும் பருவத்தில் கையில் கொஞ்சம் காசு மிஞ்சும். காற்று மாறினால் அதுவும் இல்லை. அப்படி மிஞ்சிய காசு பல வீடுகளில் வங்கிக்குப் போவதில்லை. ஒரு பவுணாகவோ அரைப் பவுணாகவோ சேர்ந்து, ஒருநாள் சங்கிலியாகிப் பெண்ணின் கழுத்துக்கு வருகிறது. வலை கிழிந்தால், படகு இஞ்சின் பழுதானால், பிள்ளைக்குப் பள்ளிச் செலவு வந்தால் முதலில் கழற்றப்படுவதும் அதுதான். மன்னாரில் கத்தோலிக்க வீட்டின் குருசுச் சங்கிலிக்கும், சைவ வீட்டின் தாலிக்கொடிக்கும், முஸ்லிம் வீட்டின் கருகமணி மாலைக்கும் இந்த விடயத்தில் வேறுபாடு இல்லை.

ஆகவே எங்கள் பக்கத்தில் சங்கிலி வாங்குபவர் "அழகாக இருக்கிறதா" என்பதோடு வேறு இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். விற்கவோ அடகு வைக்கவோ நேரும் நாளில் இதற்கு எவ்வளவு கிடைக்கும்? தொலைந்து மீண்டும் கிடைத்தால், இது என்னுடையது என்று எப்படி நிரூபிப்பேன்? இரண்டாவது கேள்வியைப் போர் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

நகை இருந்தது, சான்று இருக்கவில்லை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம் மக்களில் விடத்தல்தீவு மக்களும் அடங்குவர். வீடு வாசலை விட்டுப் புத்தளம் பக்கம் போனவர்களில் பலர் நகைகளையும் பறிகொடுத்தார்கள். 2008 ஜூலை 16ஆம் திகதி ஊர் இராணுவத்தின் வசமானது. மன்னார்ப் பெருநிலப் பகுதியிலிருந்து வன்னிக்குள் நகர்ந்த குடும்பங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிக்குளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தன. அந்த வழியில் சங்கிலி அரிசியாகவும் மருந்தாகவும் மாறியது. புதைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு, உடுப்பின் மடிப்பில் தைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இன்னொரு கூட்டத்தின் நகை வைப்பகத்தில் இருந்தது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தில் வன்னி மக்கள் நகை அடகு வைத்திருந்தார்கள். போர் முடிந்தபோது அங்கிருந்த தங்கம் இராணுவத்தின் கைக்குப் போனது. அதில் ஒரு பகுதி 2014இல் உரிமையாளர்கள் சிலருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இராணுவக் காவலில் எஞ்சியிருந்த தங்க, வெள்ளிப் பொருட்கள் 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. 16 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சங்கிலியைக் காட்டி "இது என்னுடையது" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? அடகுச் சீட்டு, கடைப் பற்றுச்சீட்டு, எடைக் குறிப்பு, அணிந்திருக்கும் படம் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். இடம்பெயர்வில் முதலில் அழிந்தவையும் இவைதான்.

கரட் என்றால் என்ன?

சுத்தத் தங்கம் 24 கரட். அது மிக மென்மையானது என்பதால் செம்பு, வெள்ளி கலந்து நகை செய்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருந்தால் அது 22 கரட். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதால் "916" என்று பொறிக்கிறார்கள். 21 கரட்டுக்கு 875, 18 கரட்டுக்கு 750, 14 கரட்டுக்கு 585, 9 கரட்டுக்கு 375.

பவுண் என்பது எங்கள் வழக்கில் 8 கிராம். ஆங்கிலேயர் காலத்துத் தங்க நாணயத்தின் எடையிலிருந்து வந்த கணக்கு அது. 22 கரட் பவுண் ஒன்றில் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 7.33 கிராம் இருக்கும். 21 கரட்டில் 7 கிராம், 18 கரட்டில் 6 கிராம். "ஒரு பவுண் சங்கிலி" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் தெரியும். எத்தனை கரட் பவுண் என்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் கொண்டுவரும் நகையில் இது முக்கியம். வளைகுடா நாடுகளில் 21 கரட் நகை சாதாரணமாக விற்கப்படுகிறது. பிரித்தானியாவில் 9 கரட்டும், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 14 கரட்டும் புழக்கத்தில் உண்டு. அவை போலி அல்ல. ஆனால் 22 கரட் என்று நினைத்து வாங்கிக்கொண்டால் அடகுக் கடையில்தான் உண்மை தெரியவரும். இந்தியாவில் 2021 ஜூன் முதல் தர முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அங்கு வாங்கும் நகையில் முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

"கேடிஎம்" என்பதைத் தர முத்திரை என்று நினைப்பவர்கள் பலர். அது காட்மியம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டியது என்பதையே குறிக்கும். தங்கம் எத்தனை கரட் என்பதை அது சொல்லாது.

இலங்கையில் தங்கத்தின் தரத்தைப் பரிசோதித்துச் சொல்லும் அரச நிறுவனம், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை. பெரிய தொகைக்கு வாங்கும்போதோ பழைய நகையில் சந்தேகம் இருக்கும்போதோ அந்தப் பரிசோதனை பயன்படும். உள்ளூர்ப் பத்தர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் நல்ல வழிதான், ஆனால் உரைகல் மேற்பரப்பைத்தான் காட்டும். காந்தத்தில் ஒட்டவில்லை என்பது சான்றே அல்ல. செம்பும் பித்தளையும் கூட ஒட்டாது.

எப்படிப்பட்ட சங்கிலி?

சேமிப்புக்கு வாங்குபவருக்குக் கெட்டியான, கல் இல்லாத, எளிய பின்னலே நல்லது. உள்ளே வெற்றாக இருக்கும் சங்கிலி எடை குறைவாகவும் பார்வைக்குப் பெரிதாகவும் இருக்கும். ஆனால் நசுங்கினால் திருத்துவது கடினம். நுணுக்கமான கண்ணிகள் கொண்ட சங்கிலியில் பற்றாசு வைத்த இடங்கள் அதிகம். உருக்கும்போது தரம் கொஞ்சம் இறங்கும்.

கல் பதித்த பதக்கம் ஆசைக்கு வாங்கலாம். கல்லும் அதன் அடியில் இருக்கும் அரக்கும் தங்க விலையில் நிறுக்கப்படுகின்றனவா என்பதை மட்டும் கவனியுங்கள். மொத்த எடை வேறு, தங்கத்தின் நிகர எடை வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து கொக்கியும் வளையமும். சங்கிலி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கொக்கி சேரும் வளையத்திலும் பதக்கம் தொங்கும் வளையத்திலும்தான் தேய்ந்து அறும். அந்த வளையங்கள் தடிப்பாகவும் வாய் மூடி ஒட்டப்பட்டும் இருக்க வேண்டும். மெல்லிய சங்கிலியில் பாரமான பதக்கம் கோக்க வேண்டாம். வலை பின்னுபவர், நண்டு தெரிபவர், மீன் வெட்டுபவர் நீளமான சங்கிலியைத் தவிர்ப்பது நல்லது. நூலில் மாட்டி இழுபட்டால் கழுத்துக்கும் ஆபத்து, நகைக்கும் ஆபத்து.

விலையைப் பிரித்துப் பாருங்கள்

நகை விலையில் தங்கத்தின் பெறுமதி ஒன்று, செய்கூலியும் சேதாரமும் இன்னொன்று. முதலாவது திரும்பி வரும். இரண்டாவது வராது.

கணக்குக்காக 22 கரட் பவுண் ஒன்று 3 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுண் சங்கிலியில் தங்கத்தின் பெறுமதி 6 இலட்சம். செய்கூலியும் சேதாரமும் 8 வீதம் என்றால் மேலும் 48,000 ரூபா. நுணுக்கமான வேலைக்கு 18 வீதம் கேட்டால் 1,08,000 ரூபா. விற்கும் நாளில் இரண்டு சங்கிலிக்கும் தங்க எடைக்குத்தான் காசு. 60,000 ரூபா வேலைப்பாட்டுக்குப் போய்விட்டது. அதே விலையில் ஒரு கிராம் 37,500 ரூபா. இரண்டு கிராம் கல்லும் அரக்கும் தங்கமாக நிறுக்கப்பட்டால் 75,000 ரூபா நட்டம்.

வாங்கும் முன் அன்றைய 22 கரட் விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். தராசு பூச்சியம் காட்டுவதைப் பார்த்த பிறகு நகையை வைக்கச் சொல்லுங்கள். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். "திரும்பக் கொண்டுவந்தால் எப்படி எடுப்பீர்கள்?" என்ற கேள்வியை வாங்கும் அன்றே கேளுங்கள். பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும் கடையே நல்ல கடை.

பற்றுச்சீட்டும் ஆவணமும்

பற்றுச்சீட்டில் திகதி, கரட், மொத்த எடை, நிகர எடை, அன்றைய பவுண் விலை, செய்கூலி, சேதாரம், கடையின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெறும் மொத்தத் தொகை எழுதிய துண்டு பற்றுச்சீட்டு ஆகாது. ஏமாற்றப்பட்டால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அவசர இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் பிந்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இவற்றைச் செய்யுங்கள். சங்கிலியை வெள்ளைத் துணியில் வைத்து முழுமையாக ஒரு படம், கொக்கியும் முத்திரையும் தெரிய ஒரு படம், அணிந்தபடி ஒரு படம் எடுங்கள். பற்றுச்சீட்டையும் படம் எடுங்கள். பலகாலம் வைத்திருந்தால் கடைச் சீட்டின் மை மங்கிவிடும். படங்களை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வீடும் கைத்தொலைபேசியும் ஒன்றாகப் போகும் நாளை நாம் கண்டிருக்கிறோம்.

பற்றுச்சீட்டு இல்லாத பழைய நகைக்கும் இப்போது ஆவணம் செய்யலாம். பத்தரிடமோ கடையிலோ நிறுத்து, எடையையும் கரட்டையும் எழுதி வாங்கி, படத்தோடு சேர்த்து வையுங்கள். ஒட்டிய இடம், நெளிந்த கண்ணி, மாற்றிய கொக்கி போன்ற தனி அடையாளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடகு வைக்கும்போது

அவசரத்துக்கு விற்பதைவிட அடகு நல்லது, ஆனால் மீட்கும் கணக்கு கையில் இருக்க வேண்டும். வட்டி ஆண்டுக்கா மாதத்துக்கா என்று கேளுங்கள். மாதம் 3 வீதம் என்பது ஆண்டுக்கு 36 வீதம். தேவைக்கு மேல் கடன் தருகிறார்கள் என்பதற்காக முழுவதையும் எடுக்க வேண்டாம். சீட்டில் எடை, கரட், கடன் தொகை, தவணை முடியும் திகதி ஆகியவை சரியா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். சீட்டையும் படம் எடுங்கள். முகவரியும் தொலைபேசி இலக்கமும் மாறினால் உடனே அறிவியுங்கள். பழைய முகவரிக்குப் போகும் ஏல அறிவித்தல் உங்கள் கைக்கு வராது. மீட்கும் நாளில் நகையை அங்கேயே நிறுத்து, படத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

நாளாந்தப் பராமரிப்பு

கடல் உப்பு தங்கத்தை அரிக்காது. ஆனால் கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும் உப்பும் வியர்வையும் மங்கச் செய்யும். கண்ணிகளுக்கிடையில் தங்கும் மணல் அராவித் தேய்க்கும். கடல் வேலைக்குப் போகும்போது கழற்றி வைப்பதே நல்லது. கழற்ற முடியாத தாலியை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சவர்க்காரம் போதும். சில நிமிடம் ஊறவிட்டு மென்மையான தூரிகையால் தடவி, நல்ல நீரில் அலசி, துணியில் முழுமையாக உலர்த்துங்கள். ஓடும் நீரில் கழுவாமல் கிண்ணத்தில் கழுவுங்கள். பற்பசை, சாம்பல், மணல் வேண்டாம், அவை தங்கத்தைச் சுரண்டும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவம் பட்டால் ஒட்டுக்கள் பலவீனமாகும். முத்து கோத்த நகையில் புளியோ தேசிக்காயோ படக்கூடாது. மன்னார்க் கடலின் புகழுக்குக் காரணமான முத்தைப் புளிப்பு கரைத்துவிடும்.

உடைந்த வெப்பமானியின் பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளை நிறமாகிவிடும். அப்படி நடந்தால் வீட்டில் சூடாக்க வேண்டாம், அதன் ஆவி நஞ்சு. நகையை மூடிய பாத்திரத்தில் வைத்துப் பத்தரிடம் விடயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

வீடு வீடாக வந்து "நகை மினுக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் கொடுக்கவே கூடாது. தங்கத்தைக் கரைக்கும் அமிலத்தில் நனைத்தால் உங்கள் கண் முன்னாலேயே எடை குறையும். நகை பளபளப்பாகவே திரும்பி வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ முன், கொக்கியையும் வளையங்களையும் பத்தரிடம் காட்டி, நிறுத்து, எடையைப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். பல ஆண்டு அணிந்த சங்கிலி சிறிது தேய்வது இயல்பு. திருத்தக் கொடுத்து வாங்கியபின் எடை குறைந்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும். வைக்கும்போது ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் இரண்டும் தேயும்.

கடைசியாக ஒன்று. எந்த நகை எங்கே இருக்கிறது, எது அடகில் இருக்கிறது, சீட்டு யாரிடம் என்பதை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். புதைத்த இடத்தை ஒருவர் மட்டும் அறிந்திருந்து, அவர் திரும்பி வராமல் போனால், அந்தத் தங்கம் அந்த வீட்டுக்கு இல்லாமலே போகும். இன்று மாலையே பெட்டியைத் திறந்து, ஒரு கொப்பியில் நாலு வரி எழுதி, நாலு படம் எடுத்து வையுங்கள். அதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது.