இளையோர் கையில் அசன்பே

கதை நூல் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் அறிஞர் சித்தி லெப்பையை நினைத்துப் பார்த்தல் நலம்.

1838இல் கண்டியில் பிறந்த அவர் ஒரு வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மதரஸா 1892இல் கொழும்பில் எழ உழைத்தவர். சமுதாயத்தின் கல்விக்கு இத்தனை பாடுபட்ட அப்பெருமகனார், கதை எழுதுவதை வீண்வேலையாகக் கருதவில்லை. 1885இல் அவருடைய 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தோன்றி அப்போது ஆறே ஆண்டுகள்!

மிஸ்று நாட்டு உயர்குடிக் குழந்தை ஒன்று களவாடப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது. அசன் என்னும் அப்பிள்ளை கல்கத்தா சென்று, இடர் பல கடந்து, தன் பெற்றோரை அடைகிறான். அடைவானா என்னும் தவிப்பே நம்மை ஏடு புரட்ட வைக்கிறது. மிஸ்று நாட்டின் அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்ததையும், சித்தி லெப்பை அவரோடு பழகியதையும் எண்ணினால், இக்கதைக்களம் நமக்கு வியப்பளிக்காது.

நூலின் நடை பழையது. ஆதலால் முதற்சில பக்கங்களைப் பெற்றோரே உடனிருந்து படித்துக் காட்டுக. பிறகு அசன் பார்த்துக்கொள்வான். கதையைப் பறித்துவிட்டால் பிள்ளை பாடநூலுக்குத் திரும்பிவிடும் என்பதில்லை. படிக்கும் ஆவலையே இழந்துவிடவும் கூடும்.