தாளிப்பனையும் ஏட்டுச் சுவடியும்



எங்கள் இல்லத்துப் பரணில் ஒரு சுவடிக் கட்டு இருந்தது. ஓர் ஆடிப் பதினெட்டாம் நாளில் அதனைத் தாமிரபரணியில் விட்டவன் நானே. அப்போது எனக்கு வயது 10. படிப்பார் இல்லாத ஏட்டை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என்றும், புதுவெள்ளத்தில் விட்டால் கலைமகளிடம் சேரும் என்றும் பாட்டியார் கூறினார்கள். நானும் படித்துறையில் நின்று அப்படியே செய்தேன். வழியில் கயிற்றினின்று நழுவிய ஓர் ஏட்டை மட்டும் விளையாட்டாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆண்டுகள் பல சென்றபின், சுவடிப் பயிற்சியுடைய புலவர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, "இது நம் ஊர்ப் பனையின் ஓலை அன்று, தாளிப்பனையின் ஓலை" என்றார். அம்மரத்தைப் பற்றி நான் அறியப் புகுந்தது அன்றுதான்.

தாளிப்பனையைக் குடைப்பனை என்றும், சீதாளம் என்றும் கூறுவர். சுவடி ஆராய்வோர் கூந்தற்பனை என்பர். ஆயினும் அப்பெயர் வேறொரு மரத்துக்கும் வழங்குவதால் மயக்கம் நேர்வதுண்டு. நமது தேரி நிலத்தின் வறட்சியைத் தாங்கி நிற்பது நாட்டுப்பனை. தாளிப்பனையோ பொதியமலைக்கு அப்பால் மழைவளம் மிக்க மலையாளக் கரையிலும் ஈழத்திலும் செழிப்பது. இரண்டும் விசிறி வடிவான ஓலை உடையனவே. ஆனால் தாளியின் ஓலை 5 மீட்டர் வரை விரியும். கண்டி மன்னரிடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த இராபர்ட் நாக்சு என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், ஓர் ஓலையின் கீழ் 15 அல்லது 20 பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று வியந்து எழுதினார்.

இம்மரம் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். 30 முதல் 80 ஆண்டுகள் வரை உணவைத் தண்டில் சேர்த்து வைத்து, பின்பு உச்சியில் பல இலட்சம் பூக்களைக் கொண்ட பெரும் பூங்கொத்தை எழுப்பும். காய்கள் முதிர ஓராண்டு ஆகும். பிறகு மரம் பட்டுவிடும். அடுத்த தலைமுறையை விதைகளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அது மாய்கிறது.

எழுதுவதற்குக் குருத்தோலையையே கொள்வர். அதனை நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, துளையிட்டுக் கயிறு கோப்பர். எழுத்தாணியால் கீறிய எழுத்தில் கரியும் பச்சிலைச் சாறும் பூசினால் எழுத்துத் துலங்கும். நாட்டுப்பனையோலை தடித்தது, தாளியோலை மெல்லியது, வளைந்து கொடுப்பது. ஓலை கிழியும் என்று எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ஆதலால் ஏடு படிப்பது தனியொரு கல்வியாகவே இருந்தது.

எவ்வளவு நல்ல ஓலையாயினும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆகவே பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். நம் முன்னோர் தலைமுறைதோறும் அதனைச் செய்துவந்தனர். 1835இல் அச்சுத் தடை நீங்கி, நம்மவர் தாராளமாக அச்சகம் நடத்தலாயினர். பள்ளிகளில் கற்பலகையும் காகிதமும் புகுந்தன. படியெடுக்கும் வழக்கம் மெல்ல மெல்ல ஒழிந்தது. அச்சேறிய நூல்கள் பிழைத்தன. அச்சேறாதவை பரணில் கிடந்து மடிந்தன.

அந்த வேளையில்தான் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் நம் நெல்லைச் சீமைக்கு வந்தார். ஆற்றங்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் பேணிவைத்திருந்த பத்துப்பாட்டு ஏடு அவர் கைக்குக் கிடைத்தது. 1889இல் பத்துப்பாட்டு அச்சாகி வெளிவந்தது. கரிவலம்வந்தநல்லூரிலோ கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்ட செய்தியே அவருக்குக் கிடைத்தது. அதனை அவர் தம் வரலாற்றில் வருத்தத்தோடு எழுதியுள்ளார். தீயிலிட்டவர்களும் பகைவர் அல்லர்; என் பாட்டியாரைப் போலவே, ஏட்டுக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணியே செய்தனர். மரியாதை இருந்தது, படிப்புத்தான் இல்லை.

என்னிடம் எஞ்சிய ஏட்டைப் புலவர் படித்துக் காட்டினார். அது ஒரு மருத்துவச் சுவடியின் ஏடு. ஓரத்தில் 43 என்னும் எண் தமிழ் எழுத்தில் உள்ளது. சுக்கு, திப்பிலி, கடுக்காய் முதலியவற்றின் அளவும், காய்ச்சும் பக்குவமும் தெளிவாக உள்ளன. எந்த நோய்க்கு என்பது மட்டும் இல்லை. அது 42ஆம் ஏட்டில் இருந்திருக்கும். அந்த ஏட்டை ஆற்றில் விட்டவன் நான்.

நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, அந்த ஓர் ஏடு சொன்ன பாடம் பெரிது. நேயர்களே, உங்கள் இல்லத்திலும் பழைய கட்டு ஏதேனும் இருக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்று அதனை நீரிலோ நெருப்பிலோ இடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் டாக்டர் உ. வே. சா. நூல் நிலையமும் உள்ளன. தஞ்சையில் சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தாளிப்பனைகூடத் தன் விதையை ஒப்படைக்காமல் மாய்வதில்லை. நாம் மட்டும் ஒப்படைக்காமல் போகலாமா?